மார்த்தாள் வீட்டுக் குளிர்

சேந்தன்கோட்டை மிஷன் தெருவில் மார்த்தாள் வீட்டு அடுப்படிக்குள் குளிர் எப்போது வந்து குடியேறியது என்று கேட்டால் ஆளுக்கொரு நாள் சொல்வார்கள், ஆனால் மார்த்தாளுக்குத் தெரியும், அது கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், பலகாரம் வந்த தட்டைக் கழுவி, ஈரம் துடைத்து, வெறுந்தட்டாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாதே என்று ஒரு கை சீனியைப் போட்டு, கொடுக்க வேண்டிய வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, இனி இந்த வீட்டில் அடுத்தவர் ஏனம் பாத்திரம் ஒன்றுகூட இல்லை என்று அவள் அடுப்படியில் உட்கார்ந்த அந்தப் பட்டப்பகலில்தான் வந்தது. கதவைத் தட்டவில்லை, ஜன்னலில் நுழையவில்லை. ஊருக்கு ஏதோ காரியமாக வந்த சொந்தக்காரர் மாதிரி வந்தது, அம்மிக்கும் அரிசிப் பானைக்கும் நடுவே இடம் பார்த்து உட்கார்ந்தது, அப்புறம் போகவே இல்லை.

மார்த்தாளுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. புருஷன் தங்கையா மிஷன் ஆஸ்பத்திரியில் எலக்ட்ரீசியன், ஊரிலுள்ள ஃபேனுக்கெல்லாம் வைத்தியம் பார்த்த மனுஷன் தன் நெஞ்சுக்கு வைத்தியம் பார்க்க நேரமில்லாமல் ஒரு பங்குனி மாதம் போய்ச் சேர்ந்தார். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பலகாரம் சுடக் கூடாது, அக்கம்பக்கத்தார்தான் சுட்டுக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்பது மிஷன் தெருவில் வேதத்தில் எழுதாத சட்டம், ஆனால் வேதத்தில் எழுதியதைவிடக் கண்டிப்பான சட்டம். ஆகவே முதல் கிறிஸ்துமசுக்கு மேசை கொள்ளாமல் தட்டுகள் வந்தன, தட்டோடு ஆட்களும் வந்தார்கள், ஆட்களோடு பேச்சும் வந்தது, மார்த்தாளுக்கு அழக்கூட நேரமில்லை. ஆனால் அந்தச் சட்டம் ஒரு வருஷத்துக்குத்தான். அடுத்த கிறிஸ்துமசுக்கு வந்தது ஒரே ஒரு தட்டு, தெருக்கோடி பவுலின் கொண்டுவந்தது, அதைத் திருப்பிக் கொடுத்த அன்றுதான் குளிர் வந்தது. யாரைக் குற்றம் சொல்ல? மார்த்தாளும் மற்ற துக்க வீடுகளுக்கு ஒரு வருஷம் கொடுத்து நிறுத்தியவள்தானே.

குளிர் வந்ததும் அவள் கூப்பாடு போடவில்லை. சித்திரை வெயிலில் தெரு முழுக்கத் தார் இளகிக் கிடக்கும்போது அவள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது, தோசை மாவு மூன்று நாளானாலும் புளிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது, எறும்புகள் வாசற்படிவரை வரிசையாக வந்து அங்கே ஏதோ யோசித்துவிட்டுத் திரும்பிப் போயின, காபியை அடுப்பிலிருந்து இறக்கி உட்கார்ந்து குடிக்கலாம் என்றால் உட்காருவதற்குள் ஆறிவிட்டது, அதனால் அவள் நின்றபடியே குடிக்கப் பழகினாள். நைட் டூட்டிக்காக வாங்கிய தங்கையாவின் பழுப்பு ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டாள். தனியாக இருக்கிற வீடென்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்தாள், யாரிடம் போய்க் கேட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது?

இந்த இடத்தில் சுவீடன் முறுக்கைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை ஓரடி நகராது. ஒரு காலத்தில் மிஷன் ஆஸ்பத்திரிக்குச் சுவீடனிலிருந்து கெர்டாம்மா என்று ஒரு நர்ஸ் வந்திருந்தாள், உயரமென்றால் உயரம், வாசற்படியில் தலை இடிக்காத நாள் கிடையாது. கிறிஸ்துமஸ் வந்தால் வெண்ணெயும் சீனியும் மைதாவும் முட்டையின் மஞ்சள் கருவும் போட்டுப் பிசைந்து, ஒரு தகரக் குழலில் அடைத்து, நட்சத்திர அச்சு வழியாக வரிவரியாகப் பிழிந்து, தட்டில் வளையம் வளையமாகச் சுழித்து வேகவைப்பாள். தெருப் பெண்கள் பார்த்தார்கள், அட, நம்ம முள்ளுமுறுக்குதானே, எண்ணெய்க்குப் பதில் அனல், அவ்வளவுதானே என்று அவரவர் முறுக்குக் குழலை எடுத்துவந்து கூடவே பிழிந்தார்கள், பெயரும் வைத்துவிட்டார்கள். ஆனால் வெண்ணெய் சும்மா இருக்குமா? நம்மூர் மார்கழிக் குளிரெல்லாம் மனுஷனுக்குத்தான், வெண்ணெய்க்குக் காணாது. பிழியும்போதே வளையம் நெளியும், தட்டில் படுக்கும், ரொட்டிக்கடை அடுப்பிலிருந்து வெளியே வரும்போது வரி இருக்காது, வளையம் இருக்காது, வறட்டி தட்டியது மாதிரி சப்பையாக வரும். கெர்டாம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில், "குளிர் வேணும், குளிர் வேணும்" என்று புலம்புவாள். ஐயோ பாவம், வெள்ளைக்கார உடம்பு, புழுக்கம் தாங்கவில்லை என்று இரண்டு பெண்கள் அவளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று விசிறிவிட்டார்கள். மாவுக்கு விசிறவேண்டும் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. கெர்டாம்மா ஊர் போய்ச் சேர்ந்து, மண்ணுக்கும் போய்ச் சேர்ந்து, அதற்கப்புறமும் மிஷன் தெரு வருஷா வருஷம் வறட்டி வறட்டியாகச் சுட்டுக்கொண்டே இருந்தது, சுவீடன் முறுக்கென்றால் சப்பையாகத்தான் இருக்கும், அந்த நாட்டு வழக்கம் அது என்று.

மூன்றாவது கிறிஸ்துமசுக்கு முந்தைய வாரங்களில் ஒரு நாள் காலை பவுலின் ஒரு ஈயச்சட்டியை முந்தானையால் மூடிக்கொண்டு மார்த்தாள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பவுலினை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். புருஷன் லாரி ஓட்டுகிறவன், நாக்பூர் என்பான், ராய்ப்பூர் என்பான், வருஷத்தில் எண்ணி நாலு தடவை வந்து துணி துவைத்துப் போட்டுக்கொண்டு போவான். பவுலினோ வாய்க்காரி, அவள் இருக்கும் இடத்தில் சாவு வீட்டிலும் நாலுபேர் முந்தானைக்குள் சிரிப்பார்கள். ஆனால் அவள் வீட்டுக்குள்ளே போனவர் தெருவில் யாருமில்லை. யார் வந்தாலும் குரல் கேட்டதுமே வாசலுக்கு ஓடிவந்து, "உள்ள வராதிய, வீடா அது, வெந்நீர் அண்டா, வெந்து போயிருவிய" என்று அங்கேயே நிறுத்திப் பேசி, சிரிக்கவைத்து, அனுப்பிவிடுவாள்.

"அக்கா, எங்க வீட்டுச் சூட்டுல மாவு கஞ்சியாப் போவுது. ஒங்க அடுப்படியில வச்சுப் பிழிஞ்சுக்கவா?" என்றாள்.

"இது என்னடி கேள்வி, வா" என்றாள் மார்த்தாள். வாசலில் ஆள் நின்றதே அவளுக்குப் பெரிசு. சட்டியில் மாவு அப்படியொன்றும் கஞ்சியாக இல்லை, கல் மாதிரி இருந்தது, அவள் பிசைகிற பக்குவம் அப்படி என்று நினைத்துக்கொண்டாள்.

பவுலின் குளிருக்குள் சாதாரணமாக நுழைந்தாள், தோளில் கிடந்த துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டாள், குழலைத் திருகினாள். வளையம் நின்றது. வரி வரியாக, கஞ்சி போட்டுத் தேய்த்த பாவாடைக் கொசுவம் மாதிரி, தட்டில் நிமிர்ந்து நின்றது. ரொட்டிக்கடை அசரப் பாய் அடுப்பில் வைத்து எடுத்தபோதும் அப்படியே நின்றது. அசரப் பாய் இத்தனை வருஷம் வறட்டிகளை வேகவைத்துக் கொடுத்த மனுஷன், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏம்மா, இதுதானா அது!" என்றார்.

அவ்வளவுதான். மறுநாள் சபையில் போதகருக்கு அடுத்தவரான உபதேசியாரின் வீட்டம்மா வந்தாள், அதற்கு மறுநாள் தெற்கு வரிசை முழுக்க வந்தது, அப்புறம் வரிசையாவது ஒன்றாவது, மிஷன் தெருவின் ஈயச்சட்டிகளும் எவர்சில்வர் குண்டான்களும் பிளாஸ்டிக் டப்பாக்களும் மார்த்தாள் அடுப்படிக்கு ஊர்வலம் கிளம்பின. எதற்கு அந்த வீட்டில் மட்டும் குளிர் என்று ஒருவரும் கேட்கவில்லை, எத்தனை மணிக்கு வந்தால் இடம் கிடைக்கும் என்றுதான் கேட்டார்கள். மீன்காரி செங்கமலம் விற்காத வஞ்சிரத்தைக் கொண்டுவந்து மூலையில் வைத்தாள், பூக்காரர் மல்லிகைப் பந்தை ஈரத்துணியோடு தொங்கவிட்டார், மெடிக்கல் ஷாப்காரர் கரண்ட் போன அன்று இன்சுலின் ஊசிகளை அள்ளிக்கொண்டு ஓடிவந்தார். மின்சார வாரியத்திலிருந்து ஒருவர் திருட்டுக் கரண்டில் ஏசி ஓடுகிறதா என்று பார்க்க வந்து, சுவரைத் தட்டி, கூரையைப் பார்த்து, கம்பி எதுவும் இல்லை என்று தெரிந்ததும், தன் வீட்டுக் கல்யாணத்துக்கு நாலு குடம் தயிர் வைத்துக்கொள்ளலாமா என்று தலையைச் சொறிந்தார். போதகர் அந்தக் குளிரை வைத்து ஒரு பிரசங்கமே செய்தார். குரங்குக் குல்லாயும் சால்வையுமாகப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள், பிழிந்தார்கள், நாத்தனாரைத் திட்டினார்கள், மாமியாரைத் திட்டினார்கள், மார்த்தாள் காபி போட்டுப் போட்டுக் கொடுத்தாள். இரண்டு மூன்று வருஷமாகப் பேசாததையெல்லாம் அவள் அந்த ஒரு வாரத்தில் பேசித் தீர்த்தாள். பொய்யெதற்கு, சந்தோஷமாக இருந்தாள்.

அங்கேதான் வந்தது வினை. போதகர் ஞானஸ்நானம் கொடுக்கும்போது குழந்தை அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டதையும், அவர் கண் தெரியாமல் குழந்தைக்குப் பதிலாகக் குழந்தையின் மாமன் தலையில் தண்ணீர் தெளித்ததையும் பவுலின் ஒரு நாள் நடித்துக் காட்ட, மார்த்தாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள், மூன்று வருஷத்துச் சிரிப்பு அது. தட்டிலிருந்த வளையங்கள் ஒவ்வொன்றாக நெளிந்தன, தொய்ந்தன, படுத்தன. அலமாரியில் தேங்காய் எண்ணெய் இளகி ஓரமாகப் பளபளத்தது.

ரிப்பேரான ஃப்ரிட்ஜைப் பார்ப்பதுபோல எல்லாரும் மார்த்தாளைப் பார்த்தார்கள்.

"என்னக்கா, குளிர் கொறஞ்சிருச்சே" என்றாள் உபதேசியார் வீட்டம்மா. கோபமில்லை அவளுக்கு, கவலைதான். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வெளியூர்ச் சபைக்காரர்களெல்லாம் வருகிறார்கள், கெர்டாம்மா சுட நினைத்த முறுக்கை அவள் நினைத்த மாதிரியே சுட்டுக் கோவிலில் வைக்கப்போகிறோம் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது.

நம் ஆட்கள் விவரமானவர்கள், இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். மார்த்தாள் சிரித்தால் குளிர் குறைகிறது, யாராவது அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தால் குறைகிறது, சாப்பிட்டீங்களா அக்கா என்று கேட்டால்கூடக் கொஞ்சம் குறைகிறது. ஆகவே யாரும் எதுவும் கேட்பதில்லை என்று முடிவானது. பவுலின் வாயைத் திறக்கக் கூடாது என்று தனியாகச் சொல்லிவைத்தார்கள். மாவை வைத்தோமா, பிழிந்தோமா, போனோமா என்று ஆனது. உபதேசியார் வீட்டம்மா மார்த்தாளின் தோளில் கைவைக்க வந்து, ஞாபகம் வந்து, கையை இழுத்துக்கொண்டு சொன்னாள்: "அக்கா, நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். அந்த மூலையில உக்காந்து தங்கையா அண்ணனை நெனச்சுக்கிட்டு இருங்க. நாங்க பாத்துக்குறோம்."

மார்த்தாள் உட்கார்ந்தாள். சொன்னால் வெட்கக்கேடு, அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. பேசாமல் வந்தாலும் வருகிறார்களே, குளிர் போய்விட்டால் அதுவும் இல்லையே. ஆகவே அவள் தங்கையாவை நினைத்தாள், ஸ்க்ரூ டிரைவரைக் காதில் செருகிக்கொண்டே அவர் அதை வீடெல்லாம் தேடுவதை நினைத்தாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் வெள்ளைத் துணி போர்த்திக் கொண்டுவந்ததை நினைத்தாள், அடுப்படி உறைந்தது, வளையங்கள் நிமிர்ந்தன. ஆனால் துக்கமும் துணி மாதிரிதான், தினமும் எடுத்துப் போட்டால் நைந்துபோகிறது. நாலாம் நாள் ஸ்க்ரூ டிரைவர் நினைப்பில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, வளையமொன்று நெளிந்தது, பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பயந்துபோனாள். அப்போது அவளையறியாமல் இன்னொன்றை நினைத்தாள், கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாளை நினைத்தாள். சட்டிகளெல்லாம் போயிருக்கும், மேசை துடைத்திருக்கும், காபிக்குப் பால் காலாழாக்குப் போதும். சட்டென்று ஜன்னல் கம்பியில் வெள்ளை பூத்தது, குடத்துத் தண்ணீர் மேலே பனி ஏடு கட்டியது. தங்கையா சாவுகூட இவ்வளவு குளிரைக் கொண்டுவந்ததில்லை. பெண்கள் ஆகா என்றார்கள். அன்றிலிருந்து அவள் அந்த மறுநாளையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் மத்தியானம் கோவில் மாவு முழுக்க அவள் அடுப்படியில் இருந்தது, பிழிந்த தட்டுகள் தரையெல்லாம் பரப்பியிருந்தன, அசரப் பாய் அடுப்பு காலியாகட்டும் என்று காத்திருந்தார்கள். மற்றவர்கள் குளிர் தாங்காமல் வெயில் காய வெளியே போயிருந்தபோது பவுலின் தன் ஈயச்சட்டியோடு வந்தாள். மூலையில் மார்த்தாள் ஸ்வெட்டருக்குள் சுருண்டிருந்தாள், உதடு நீலம் பாரித்திருந்தது, விரல்கள் மடங்கவில்லை.

"அடிப்பாவி மக்கா!" என்று கத்தினாள் பவுலின். "எழுந்திரிங்கக்கா. வெளிய வாங்க."

"கிட்ட வராத பவுலினு. மாவு போயிரும்."

"போனாப் போவுது. பலகாரத்துக்கு மனுசியைச் சாகக் குடுக்கவா?"

"ஒனக்குத் தெரியாதுடி" என்றாள் மார்த்தாள், பல் கிட்டிக்கொண்டிருந்தது, சொல் உடைந்து உடைந்து வந்தது. "குளிர் போச்சுன்னா இந்த வீட்டுக்கு யாரு வருவா? சொல்லு. யாரு வருவா?"

பவுலின் சட்டியைக் கீழே வைத்தாள், மார்த்தாளுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள், அந்த இரண்டு கைகளையும் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்தாள். அவள் கையும் ஒன்றும் சூடாக இல்லை. தேய்க்கத் தேய்க்கத்தான் நாலு கையும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுட்டது. மார்த்தாள் விடு விடு என்றாள், பிறகு சொல்லவில்லை, பிறகு ஓவென்று அழுதாள். தங்கையா போன அன்று அழாத அழுகை அது, சுடச்சுட வந்தது.

ஜன்னல் கம்பியில் வெள்ளை உருகிச் சொட்டியது. வளையங்கள் உட்கார்ந்தன, படுத்தன, ஒன்றோடொன்று கலந்தன, குண்டான்களில் வெண்ணெய் மஞ்சளாக மேலே மிதந்து வழிந்து தரையில் ஓடி வாசற்படி தாண்டித் தெருவுக்கு வந்தது. எறும்புகள் யோசிக்காமல் உள்ளே நுழைந்தன.

பெண்கள் ஓடிவந்து பார்த்தார்கள். திட்டவில்லை, அதைச் சொல்லவேண்டும். உபதேசியார் வீட்டம்மா மட்டும், "இன்னும் ஒரு நாள் பொறுத்திருக்கலாமேக்கா" என்று மூக்கை உறிஞ்சினாள். மிச்சத்தை வழித்து அள்ளிக்கொண்டு, அவரவர் ஏனத்தை அவரவர் தூக்கிக்கொண்டு போனார்கள். கிறிஸ்துமஸ் அன்று கோவிலில் வழக்கம்போல வறட்டிதான் வைத்தார்கள், வெளியூர்க்காரர்கள் இதுதான் சுவீடன் வழக்கமா என்று கேட்டு ருசித்துத் தின்றார்கள். தோத்திரம்க்கா, தோத்திரம்க்கா என்று மார்த்தாளிடம் எல்லாரும் கைகூப்பிச் சொன்னார்கள், சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்கள், வீட்டில் விருந்தாளிகள் காத்திருந்தார்கள். பவுலின் கோவிலுக்கு வரவில்லை.

மறுநாள் வந்தது. மார்த்தாள் அடுப்படியில் உட்கார்ந்து குளிருக்காகக் காத்திருந்தாள், வரட்டும், வந்தால் அவர்களும் வருவார்கள் என்று. வரவில்லை. மறுநாளை நினைத்து உறையவைக்கலாம் என்று பார்த்தால் அந்த மறுநாள்தான் இது, இதைவிடக் கெட்ட நாள் ஒன்றும் மிச்சமில்லை. தோசை மாவு பொங்கி வழிந்திருந்தது. அதைத் துடைக்கத் துணி எடுத்தபோது அரிசிப் பானைக்குப் பின்னால் பவுலினின் ஈயச்சட்டி இருந்தது. மறந்துபோனாளோ, வேண்டுமென்றே விட்டுப்போனாளோ.

அடுத்தவர் ஏனத்தை வைத்துக்கொள்ளலாமா? கழுவினாள், துடைத்தாள், வெறுஞ்சட்டியாகக் கொடுக்கக் கூடாதே என்று ஒரு கை சீனி போட்டாள், தெருக்கோடிக்கு நடந்தாள்.

"பவுலினு" என்று கூப்பிட்டாள். வாசலுக்கு யாரும் ஓடிவரவில்லை. உள்ளே கால் வைத்தாள்.

வெந்நீர் அண்டாவாவது ஒன்றாவது! வாசற்படி தாண்டியதுமே அவளுக்குத் தெரிந்த அந்தக் குளிர் கணுக்காலைப் பிடித்தது. ஜன்னல் கம்பியெல்லாம் வெள்ளை. அலமாரியில் தேங்காய் எண்ணெய் உறைந்து பாட்டிலைவிட்டுச் சுருங்கி நின்றது. மேசைமேல் ஒரு தட்டு நிறையச் சுவீடன் முறுக்கு பிழிந்து வைத்திருந்தது, வரி கலையாமல், ஒரு வளையம்கூட நெளியாமல், மார்த்தாள் வீட்டில் நின்றதைவிட நேராக நின்றது. மாவு பிழிய இடமில்லாமல் வந்தவள் இல்லை இவள் என்று மார்த்தாளுக்கு அப்போது புரிந்தது. அடுப்புப் பக்கம் பவுலின் மூன்று போர்வைக்குள் உட்கார்ந்திருந்தாள். லாரி இந்த வருஷம் வரவில்லை.

"உள்ள வராதிய" என்றாள் பவுலின், பழக்கதோஷத்தில், குரலே எழும்பவில்லை. "வீடா இது..."

"எத்தனை வருசமாடி?"

பவுலின் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து, விரலை மடக்க ஆரம்பித்து, விட்டுவிட்டாள். எண்ணிச் சொல்லுகிற மாதிரி வருஷமாக அது இல்லைபோல.

மார்த்தாள் சட்டியை மேசையில் வைத்தாள். தங்கையாவின் ஸ்வெட்டரைக் கழற்றி அவள் தலைவழியாக மாட்டிவிட்டாள். பிறகு அந்த அடுப்படியைச் சுற்றிப் பார்த்தாள், அம்மிக்குப் பக்கத்தில் குளிர் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்து, இடித்துத் தள்ளிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

"எனக்கொரு காபி போடு" என்றாள்.

"பால் கல்லாக் கெடக்குக்கா. அது எளகவே ரொம்ப நேரமாவும்."

"ஆகட்டும்" என்றாள் மார்த்தாள். "எனக்கென்ன அவசரம்."